எண்ணி எழுதிவைத்தவர்: தென்வானத்தின் லக்காய்

வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் வானத்தைக் காதால்தான் பழகினோம். கிபிரின் இரைச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறது, வண்டு எவ்வளவு நேரமாகச் சுற்றுகிறது, பரா லைட் எந்தப் பக்கம் எரிகிறது என்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் வானம் முழுக்க வெள்ளி கொட்டிக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணாந்து பார்ப்பதற்கு வேறு காரணங்கள் இருந்தபடியால், அதைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

சில வருடங்களுக்கு முன்னர், மே மாதத் தொடக்கத்தில், ஓர் இரவு குளக்கட்டில் ஏறி நின்றபோதுதான் அந்த வானத்தை முதல்முறையாகப் பார்த்தேன். கூட வந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தன் பழைய பைனாகுலரைத் தந்து, தெற்குப் பக்கம் திரும்பச் சொன்னார். தென்சிலுவையைக் காட்டினார். அதற்குச் சற்று வலப்பக்கமாகப் பால்வீதியின் மேல் விரலால் பூசிவிட்டது போல ஒரு வெளிச்சத் திட்டு இருந்தது. அது கரினா விண்முகில் என்றும், 1752இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அரை அங்குலக் கண்ணாடி ஒன்றினூடாகப் பார்த்து அதைப் பட்டியலில் ஏற்றினார் என்றும் சொன்னார்.

அரை அங்குலம் என்றால் எங்கள் சட்டைப் பொத்தானின் அளவு. அன்று என் கையிலிருந்த பைனாகுலரின் முகக்கண்ணாடியே அதைவிடப் பலமடங்கு பெரிது. அந்த மனிதர் யார் என்று தேடத் தொடங்கினேன். தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆதரவற்ற மாணவன்

நிக்கோலா லூயி டு லக்காய் 1713இல் பிரான்ஸின் வடபகுதியில், ஆர்டென் பிரதேசத்து ருமின்யி என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பன் படையிலிருந்து விலகி ஒரு பிரபுக் குடும்பத்தில் வேலை பார்த்தவர். இயந்திரங்களைச் செய்து பார்ப்பதில் அவருக்கு ஆசை அதிகம். மகன் பாரிஸில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் இறந்துபோனார். விட்டுச்செல்ல எதுவும் இருக்கவில்லை. பூர்போன் பிரபு செலவை ஏற்றுக்கொண்டதால்தான் லக்காயின் இறையியல் படிப்பு தொடர்ந்தது.

அவர் திருத்தொண்டர் பட்டம் வரைக்கும் போனார். அதற்கு மேல் குருத்துவப் பாதையில் செல்லவில்லை. கணிதமும் வானமும் அவரை இழுத்துக்கொண்டன. ஆனாலும் வாழ்நாள் முழுவதும் அபே என்ற மரியாதைப் பெயரோடுதான் அறியப்பட்டார்.

பாரிஸ் வானாய்வகத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்தது கசினி குடும்பம். தலைமுறை தலைமுறையாக அந்தப் பதவி அவர்களிடமே இருந்தது. அவர்களின் ஆதரவில் லக்காய்க்கு வேலை கிடைத்தது. 1738இல் நாந்த் முதல் பயோன் வரையான பிரான்ஸின் மேற்குக் கரையை அளக்கும் பணியில் சேர்ந்தார். அடுத்த வருடம் அதைவிடச் சிக்கலான ஒரு வேலை அவரிடம் வந்தது.

அந்தக் காலத்தின் பெரிய வாக்குவாதம் பூமியின் வடிவம் பற்றியது. துருவங்களில் பூமி தட்டையாக இருக்க வேண்டும் என்பது நியூட்டனின் கணிப்பு. பிரான்ஸை வடக்குத் தெற்காக அளந்து 1718இல் முடிவை வெளியிட்ட ஜாக் கசினியோ, பூமி துருவப் பக்கமாக நீண்டிருக்கிறது என்றார். அந்த அளவீட்டை மீண்டும் சரிபார்க்கும் பணி, கசினியின் மகன் தலைமையில் 1739இல் தொடங்கியது. மலையிலும் கோபுரத்திலும் ஏறி முக்கோணம் முக்கோணமாக அளந்த உழைப்பில் பெரும்பங்கு லக்காயுடையது.

இரண்டு வருட உழைப்பின் முடிவில் பழைய அளவீட்டில் பிழை இருந்தது தெரியவந்தது. நியூட்டன் பக்கம்தான் சரி. தனக்கு வேலை தந்த குடும்பத்தின் பெயர் பெற்ற முடிவைத் தலைகீழாக்கிய அளவீடு அது. லக்காய் எண்களை வளைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அந்த அளவீட்டைப் பற்றிய நூல் பின்னர் கசினியின் மகனுடைய பெயரில் வெளிவந்தது. பெயர் ஒருவருக்கும் உழைப்பு இன்னொருவருக்குமாகப் போகும் கதை அன்றும் இருந்திருக்கிறது. சுயாதீனமாக எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

ஆனால் திறமை கவனிக்கப்படாமல் போகவில்லை. 1741இல் விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பாரிஸ் மசரன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தது. கல்லூரிக் கட்டடத்திலேயே சிறிய வானாய்வகம் ஒன்றை அமைத்துக்கொண்டார். பின்னாளில் நவீன இரசாயனவியலின் தந்தை எனப் பெயரெடுத்த லவோசியே, அந்தக் கல்லூரியில் அவரிடம் படித்த மாணவர்.

ஒல்லாந்தர் ஆண்ட இன்னொரு கரை

ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் தென்வானத்தின் ஒரு பெரும்பகுதி அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. இங்கிலாந்தின் எட்மண்ட் ஹலி 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து 341 தென்திசை விண்மீன்களை அளந்திருந்தார். மழையும் முகிலும் விடாததால் அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தென்வானத்தின் பெரும்பகுதி ஐரோப்பிய வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப நன்னம்பிக்கை முனைக்குப் போகிறேன் என்று லக்காய் விஞ்ஞானக் கழகத்திடம் கேட்டார். அனுமதி கிடைத்தது. 1750 நவம்பரில் லோரியான் துறைமுகத்தில் கப்பலேறி, ரியோ டி ஜெனீரோ வழியாக 1751 ஏப்ரலில் கேப்டவுணில் இறங்கினார்.

கேப் அப்போது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் பிடியில் இருந்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணக் கோட்டையில் பறந்ததும் அதே கம்பனியின் கொடிதான். காலியிலிருந்தும் பத்தாவியாவிலிருந்தும் கறுவாவும் வாசனைத் திரவியமும் ஏற்றிய கப்பல்கள் கேப்பில் தண்ணீரும் இறைச்சியும் எடுத்துக்கொண்டுதான் ஐரோப்பாவுக்குப் போயின. சோழமண்டலக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மனிதர்களையும் அந்தக் கப்பல்கள் அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுபோயின. லக்காய் இறங்கிய அந்த ஊரின் வீட்டுவேலையும் தோட்டவேலையும் கட்டடவேலையும் அடிமைகளின் கைகளால்தான் நடந்தன. அவர்களுக்குள் எங்கள் கரைகளின் வானத்தை அறிந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பார்த்த வெள்ளிகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களை எந்தப் பட்டியலும் எழுதிவைக்கவில்லை. லக்காயின் வாழ்க்கையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆளுநர் துல்பாக் அவரை நன்றாக வரவேற்றார். ஸ்ட்ராண்ட் வீதியில், பெஸ்ட்பியர் என்பவரின் வீட்டு வளவில் சிறிய வானாய்வகம் கட்டப்பட்டது. மணிக்கூடு, கோணமானி, அதில் பொருத்திய ஒரு சிறு தொலைநோக்கி ஆகியவற்றோடு வேலை தொடங்கியது. அந்தத் தொலைநோக்கியின் முகக்கண்ணாடிதான் அரை அங்குலம். ஏறக்குறைய 13 மில்லிமீற்றர். உருப்பெருக்கம் 8 மடங்கு மட்டுமே.

வானம் நகரட்டும்

லக்காயின் முறை எளிமையானது. தொலைநோக்கியை அவர் விண்மீனைத் துரத்தித் திருப்பவில்லை. வடக்குத் தெற்குக் கோட்டில், ஒரே உயரத்தில் அதை நிறுத்திவிட்டு, பூமி சுழலச் சுழல விண்மீன்கள் தாமாகவே பார்வைக்குள் வந்து போகும்படி விட்டார். கண்வில்லையின் பக்கத்தில் சாய்சதுர வடிவில் ஒரு சிறு சட்டம் இருந்தது. விண்மீன் அந்தச் சட்டத்தின் ஒரு விளிம்பால் உள்ளே வரும் நேரத்தையும், மறு விளிம்பால் வெளியே போகும் நேரத்தையும் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தார்.

இரண்டு நேரங்களுக்கும் நடுவிலுள்ள கணம் அந்த விண்மீனின் கிழக்கு மேற்கு இடத்தைச் சொல்லும். சாய்சதுரம் நடுவில் அகலமாகவும் மேலும் கீழும் ஒடுங்கியும் இருப்பதால், உள்ளே எவ்வளவு நேரம் நின்றது என்பதிலிருந்து வடக்குத் தெற்கு இடத்தைக் கணக்கிடலாம். ஒரு விண்மீனுக்கு இரண்டே குறிப்புகள் போதும். இப்படி மகர ரேகைக்கு நேரான வானத்திலிருந்து தென்துருவம் வரைக்கும் பட்டை பட்டையாக எடுத்து முடித்தார்.

1751 ஓகஸ்ட் முதல் 1752 ஜூலை வரை, நூறுக்கும் மேற்பட்ட இரவுகள் அவர் இதைச் செய்தார். மேசை மலையின் மேலாக இறங்கும் தென்கிழக்குக் காற்று பல இரவுகளைக் கெடுத்தது. அந்தக் காற்று வீசும்போது விண்மீன்கள் ஓரிடத்தில் நில்லாமல் துடிக்கும். அப்படியிருந்தும் ஒரு வருடத்துக்குள் சுமார் 10,000 விண்மீன்களின் நேரங்கள் அவரது குறிப்பேட்டில் ஏறின.

அந்தப் பக்கங்களுக்கு இடையில்தான் விண்மீன் போலக் கூர்மையாக இல்லாத சில வெளிச்சங்களையும் கண்டார். அவற்றையும் விடாமல் குறித்தார். பாரிஸ் திரும்பியபின் 42 பொருட்கள் கொண்ட பட்டியலாக 1755இல் வெளியிட்டார். தென்வானத்தின் விண்முகில்களுக்கென்று முறையாகச் செய்யப்பட்ட முதலாவது பட்டியல் அது.

அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார். விண்மீனே தெரியாத வெறும் புகைத் திட்டுகள் ஒரு வகை. நெருக்கமான விண்மீன்கள் கூடிப் புகைபோலத் தெரிபவை இன்னொரு வகை. விண்மீன்களும் அவற்றைச் சூழ்ந்த புகையும் சேர்ந்தவை மூன்றாவது வகை. வகைக்கு 14 வீதம் மூன்று வகையும் சமமாக வந்தன.

கரினா விண்முகில் மூன்றாவது வகையில் இடம்பெற்றது. இன்று அது 7,500 ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள, விண்மீன்கள் பிறக்கும் பெரும் வாயுத் தொகுதி என்று தெரியும். உள்ளே பிறந்த இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் ஐதரசன் வாயுவை ஒளிர வைக்கின்றன. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அனுப்பிய முதல் படங்களில், மலைச்சரிவு போல இருந்த செம்மண் நிறப் படத்தைப் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். அது இந்த விண்முகிலின் ஓரத்துத் துண்டு ஒன்றுதான்.

விண்மீன் தெரியாத வகையில் அவர் எழுதிய பொருட்களின் கதை இன்னும் சுவையானது. அவற்றில் ஒன்றான ஒமேகா செந்தோரி, இலட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து. இன்னொன்றான டரன்டுலா விண்முகில், நம் பால்வீதிக்கு வெளியே, சுமார் 160,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மகெல்லன் முகிலுக்குள் இருக்கிறது. இன்று எம்83 என்று அழைக்கப்படும் மூன்றாவது பொருள் ஒரு முழு விண்மீன் மண்டலம். அதன் ஒளி நம்மிடம் வந்துசேர ஏறக்குறைய 150 இலட்சம் வருடங்கள் எடுக்கின்றன. நம் பால்வீதியும் அதன் அயல் மண்டலங்களும் சேர்ந்த கூட்டத்துக்கு அப்பால் மனிதன் கண்டுபிடித்த முதல் விண்மீன் மண்டலம் அதுவே. கண்டவர் லக்காய். ஆனால் அதன் பெயரிலுள்ள எம் எழுத்து, பின்னர் அதைத் தன் பட்டியலில் சேர்த்த சார்ல்ஸ் மெசியேயைக் குறிக்கிறது.

மூன்றும் முற்றிலும் வேறுபட்டவை என்பதை அறிய லக்காயிடம் வழி இருக்கவில்லை. அரை அங்குலக் கண்ணாடியில் எல்லாமே ஒரே புகைதான். அவர் அவற்றைப் பற்றிப் பெரிய கதை எதுவும் கட்டவில்லை. எங்கே இருக்கிறது, எப்படித் தெரிகிறது என்று மட்டும் எழுதி, அடுத்ததற்குப் போனார்.

பெயரில்லாத இடங்களை நிரப்ப 14 புதிய விண்மீன் கூட்டங்களையும் அவர் வகுத்தார். வீரர்களையோ மன்னர்களையோ அவர் வானத்தில் ஏற்றவில்லை. நுணுக்குக்காட்டி, தொலைநோக்கி, மணிக்கூடு, உலை, உளி, கவராயம், ஓவியரின் தாங்கி என்று கைவினைஞரும் விஞ்ஞானியும் புழங்கும் கருவிகளின் பெயர்களை வைத்தார். தான் பயன்படுத்திய சாய்சதுரச் சட்டத்துக்கும் ஓர் இடம் கொடுத்தார. கருவி அல்லாத ஒரே பெயர், அவரது இரவுகளுக்குச் சாட்சியாக நின்ற மேசை மலை. அந்த 14 பெயர்களும் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

பொருந்தாத ஓர் எண்

விண்மீன் வேலை முடிந்ததும் லக்காய் ஊருக்குப் புறப்பட்டிருக்கலாம். அவர் தெற்கிலும் பூமியின் வளைவை அளக்க விரும்பினார். 1752இல் கேப்டவுணிலிருந்து வடக்கே கிளிப்ஃபொன்டைன் என்ற இடம் வரை, சுமார் 137 கிலோமீற்றர் தூரத்தை முக்கோண முறையில் அளந்தார். தென்னரைக்கோளத்தில் நடந்த முதலாவது அளவீடுகளில் ஒன்று அது.

வந்த முடிவு அவரையே குழப்பியிருக்கும். தெற்கில் பூமி தட்டையாவதற்குப் பதிலாக நீண்டிருக்கிறது என்றது அந்த எண். அப்படியானால் பூமியின் வடபாதி ஒரு வடிவம், தென்பாதி இன்னொரு வடிவம். பிரான்ஸில் எந்தப் பிழையைத் திருத்திப் பெயர் பெற்றாரோ, ஏறக்குறைய அதே பிழை போன்ற ஒன்று இப்போது அவர் கையிலேயே வந்து விழுந்தது.

அளவுகளைச் சோதித்தார். பிழை அகப்படவில்லை. அந்த எண்ணை அப்படியே வெளியிட்டார்.

புதிர் அவிழ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு எடுத்தது. இந்தியாவை அளந்த ஜோர்ஜ் எவரெஸ்ட் 1820இல் கேப்புக்கு வந்து, லக்காயின் அளவிடங்களைப் பார்வையிட்டார். அளவிடங்களுக்குப் பக்கத்திலுள்ள மலைகளின் ஈர்ப்பு தூக்குக்குண்டு நூலைச் சற்றே தம் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். நூல் சாய்ந்தால் நேர்மேல் எது என்பதே பிழைத்துவிடும். 1840களில் தோமஸ் மக்லியர் அதே பாதையை நீட்டி மறுபடி அளந்து, லக்காயின் வேலை கவனமானது, குழப்பியது மலைகள்தான் என்று நிறுவினார். பொருந்தவில்லை என்பதற்காக அந்த எண்ணை லக்காய் திருத்தியிருந்தால், மலை நூலை இழுக்கிறது என்ற பாடம் அந்த இடத்திலிருந்து கிடைத்திருக்காது.

கேப்பில் அவர் சரிபார்த்தது வானத்தை மட்டுமல்ல. முன்னர் அங்கே தங்கியிருந்த பீற்றர் கோல்ப் என்ற ஜேர்மானியர் அந்த நாட்டையும் கொய்கொய் மக்களையும் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதியிருந்தார். ஐரோப்பா அதை நம்பிப் படித்தது. லக்காய் நேரில் பார்த்ததோடு அதை ஒப்பிட்டு, பல இடங்களில் நம்பத்தக்கதல்ல என்று எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் கோல்ப்பை அவ்வளவு கடுமையாகப் பார்க்கவில்லை. என்றாலும், அச்சில் வந்துவிட்டது என்பதற்காக ஒன்றை ஏற்காமல் களத்தில் போய்ப் பார்க்கிற பழக்கம் அவரிடம் இருந்தது.

இதே காலத்தில் நிலவின் தூரத்தை அளக்கும் முயற்சியும் நடந்தது. லக்காய் கேப்பிலிருந்தும், 20 வயதுகூட நிரம்பாத ஜெரோம் லலாந்த் பெர்லினிலிருந்தும் நிலவை ஒரே காலத்தில் பார்த்தார்கள். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருந்தது வசதியாயிற்று. இரு இடத்திலிருந்தும் நிலவு தெரிந்த திசையின் சிறு வித்தியாசத்திலிருந்து அதன் தூரம் கணக்கிடப்பட்டது.

திரும்பி வந்தவர்

1753 மார்ச்சில் அவர் கேப்பை விட்டுப் புறப்பட்டார். நேரே வீட்டுக்குப் போக விடவில்லை. பிரெஞ்சு வசமிருந்த மொரிஷியஸ் தீவை அளந்து வரைபடமாக்கும் கட்டளை வந்தது. அதையும் முடித்து, ரியூனியன் தீவு வழியாக 1754 ஜூனில் பாரிஸை அடைந்தார். மொத்தம் ஏறக்குறைய நான்கு வருடங்கள்.

பாரிஸில் அவரைக் காணவும் கொண்டாடவும் ஆட்கள் காத்திருந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. கல்லூரி அறைக்குள் போய்க் கணக்கில் உட்கார்ந்தார். 1757இல் அடிப்படை விண்மீன்களின் இடங்களைத் தரும் நூலை அச்சிட்டு, தேவைப்பட்ட வானியலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். நிலவைப் பார்த்துக் கடலில் நெடுங்கோட்டைக் கண்டறியும் முறையைச் சாதாரண மாலுமிக்கும் எட்டும்படி எளிமையாக்க முயன்றார். அவர் காலத்து வானியலாளர் எல்லோரையும் சேர்த்து வைத்தாலும் அவரளவு அவதானமும் கணக்கும் வராது என்று லலாந்த் பின்னர் எழுதினார்.

அந்த உழைப்பை உடம்பு தாங்கவில்லை. 1762 மார்ச் 21ஆம் திகதி, 49 வயதில், லக்காய் காலமானார். மசரன் கல்லூரியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இன்று பிரான்ஸ் கல்விக் கழகம் இருப்பது அந்தக் கட்டடத்தில்தான்.

தென்வானப் பட்டியலை முழுதாக அச்சில் காண அவருக்குக் கிடைக்கவில்லை. நண்பர் மரால்டியின் பொறுப்பில் அது 1763இல் வெளிவந்தது. கணக்கிட்டு முடித்த 1,942 விண்மீன்களின் இடங்கள் அதில் இருந்தன. எஞ்சிய ஆயிரக்கணக்கான விண்மீன்களைக் கணக்கிட அவருக்கு ஆயுள் போதவில்லை. ஆனால் அவர் குறித்த நேரங்கள் அனைத்தும் குறித்தபடியே அந்த நூலில் அச்சாகின. யாராவது ஒருநாள் கணக்கிடட்டும் என்பது போல.

85 வருடம் கழித்து

அந்த ஒருநாள் 1847இல் வந்தது. பிரித்தானிய விஞ்ஞானிகள் லக்காயின் குறிப்புகளை எடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்து, 9,766 விண்மீன்களின் பட்டியலாக வெளியிட்டார்கள். எழுதியவர் இறந்து 85 வருடங்கள் ஆகியிருந்தன.

அதற்கு முன்னரே, 1834இல், ஜோன் ஹேர்ஷல் கேப்புக்கு வந்திருந்தார். அவர் கொண்டுவந்த தொலைநோக்கி 20 அடி நீளமானது. அதன் கண்ணாடி 18 அங்குலத்துக்கும் அதிகம். நான்கு வருடங்களில் 1,707 விண்முகில்களையும் கொத்துகளையும் பட்டியலிட்டார். லக்காய் புகை என்று எழுதிய பல இடங்கள் அந்தப் பெரிய கண்ணாடியில் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்தன. 42இல் சில, தற்செயலாக அருகருகே தெரிந்த சாதாரண விண்மீன்களே என்பதும் பின்னர் தெரிந்தது. அதனால் பட்டியலின் மதிப்பு குறையவில்லை. சரிபார்க்கக்கூடிய விதத்தில் எழுதப்பட்டிருந்ததால்தான் பிழை எது, சரி எது என்று பிரிக்க முடிந்தது.

1837 டிசெம்பரில், கரினா விண்முகிலின் நடுவிலுள்ள ஈட்டா என்ற விண்மீன் திடீரென்று பலமடங்கு பிரகாசமாகியிருப்பதை ஹேர்ஷல் கண்டார். 1843இல் அது வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீனாக இருந்தது. பிறகு மங்கி, வெறுங்கண்ணுக்கே தெரியாமல் போனது. சூரியனைவிட மிகப் பெரிய ஒரு விண்மீன் தன் வெளிப்பகுதியை உதறி எறிந்த நிகழ்வு அது என்று இன்று விளங்குகிறது. அந்த விண்மீன் முன்னர் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி யார்? 1677இல் அதை நான்காம் தரம் என்று எழுதிய ஹலியும், 1751இல் இரண்டாம் தரம் என்று எழுதிய லக்காயும்தான். லக்காய்க்கு அது ஆயிரக்கணக்கில் ஒரு விண்மீன். அன்று இரவு எழுதிய ஒற்றை எண், பின்னாளில் ஒரு பெரிய மாற்றத்தின் ஆதாரமானது.

எங்கள் தெற்கு

லக்காய் கப்பலேறிப் போய்ப் பார்த்தவற்றில் பெரும்பகுதியை எங்களுக்கு முற்றத்திலிருந்தே பார்க்கலாம். மார்ச்சில் நள்ளிரவை ஒட்டியும், ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் இரவு 8 மணி வாக்கிலும் தெற்கே திரும்புங்கள். தென்சிலுவைக்கு வலப்பக்கம், அடிவானத்திலிருந்து இரண்டு சாண் உயரம்கூட இல்லாத இடத்தில் கரினா விண்முகில் தெரியும். மே கடைசியில் இரவு 9 மணிக்கு, தென்சிலுவையைவிட உயரத்தில், மங்கலான விண்மீன் போல ஒமேகா செந்தோரி நிற்கும். ஜனவரி, பெப்ரவரி முன்னிரவில் அகத்தியர் நட்சத்திரத்துக்குக் கீழே, அடிவானத்துக்கு மிக அருகில், பெரிய மகெல்லன் முகிலும் அதற்குள் டரன்டுலாவும் இருக்கும். அதற்கு மழை கழுவிய வானமும் தெற்கே மறைப்பில்லாத வெளியும் வேண்டும். வீதி விளக்கிலிருந்து விலகி, கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் பொறுத்திருங்கள். சாதாரண பைனாகுலர் போதும்.

லக்காயைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் வேலையில் நான் அதிகம் கண்டது பட்டியல்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார், 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளில் இருந்தபடி வைத்திருக்கும் கொப்பிகளில், பெயர், திகதி, கடைசியாகக் கண்ட இடம், உடுத்தியிருந்த உடுப்பின் நிறம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று, எழுதி என்ன பலன் என்று அவர்களில் சிலர் களைத்துப்போய்க் கேட்பதுண்டு. என்னிடம் பதில் இருந்ததில்லை.

வானத்து விண்மீனையும் வீட்டுப் பிள்ளையையும் ஒன்றாக வைக்க முடியாது. விண்மீனின் கணக்குக்கு 85 வருடம் காத்திருக்கலாம். ஒரு தாயால் முடியாது, காத்திருக்கச் சொல்லவும் கூடாது. காத்திருந்தபடியே இறந்துபோன தாய்மாரும் இருக்கிறார்கள். ஆனாலும் லக்காயின் குறிப்பேட்டைப் பற்றிப் படித்தபின் அந்தக் கொப்பிகளை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். கண்டதைக் கண்டபடி, இடத்தோடும் நேரத்தோடும் எழுதிவைத்தால், எழுதியவர் இல்லாதபோதும் இன்னொருவர் அந்த இடத்திலிருந்து தொடரலாம். பிரதி எடுங்கள், ஈரம் படாமல் வையுங்கள், திகதியை விடாதீர்கள் என்று இப்போதெல்லாம் சொல்கிறேன்.

போன மே மாதமும் அந்தக் குளக்கட்டுக்குப் போனேன். கரினா அதே இடத்தில் இருந்தது. கொப்பியை எடுத்துத் திகதியையும் நேரத்தையும் எழுதினேன். முகில் இல்லை, காற்று குறைவு, விண்முகில் தெளிவு என்று அதன் கீழே குறித்துவைத்தேன்.